நீலகிரியில் சின்ன வீடு, சமையலறையில் ஐலண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சமையலறை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் பலரும் முதலில் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். நடுவில் தனியாக நிற்கும் மேடை, அதன் மேலே தொங்கும் மூன்று விளக்கு, ஓரத்தில் உயரமான ஸ்டூல். "இது நம்ம வீட்டுக்கு வருமா?" என்பதுதான் கேள்வி. அதிலிருந்து கிளம்பும் மற்ற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தருகிறேன். அளவெல்லாம் அடி, அங்குலத்தில்தான். ஆசாரியிடமும் மேஸ்திரியிடமும் பேச அதுதான் வசதி.

ஐலண்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்?

எந்தச் சுவரையும் தொடாமல் நடுவில் நிற்கும் சமையல் மேடை. நாலு பக்கமும் சுற்றி வரலாம். ஒரு முனை சுவரில் ஒட்டியிருந்தால் அது ஐலண்ட் கிடையாது. கடைகளில் பெனின்சுலா என்பார்கள். நம் வீடுகளுக்குப் பல சமயம் அதுதான் சரிப்பட்டு வருகிறது, பிறகு சொல்கிறேன்.

குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரே சுவரில் மேடை இருக்கும் சமையலறையை எடுத்துக்கொள்வோம். மேடையின் ஆழம் 2 அடி. அதற்கும் ஐலண்டுக்கும் நடுவே ஒருவர் நின்று சமைக்க 3½ அடி. இரண்டு பேர் சேர்ந்து சமைக்கும் வீடானால் 4 அடி. ஐலண்டின் அகலம் 2 அடி. அதற்கு அந்தப் பக்கம் ஆள் கடந்து போக 3 அடி. கூட்டினால் 10½ அடி. நீளவாட்டில் 4 அடி ஐலண்டும் இரண்டு முனையிலும் மூன்று மூன்று அடி வழியும் சேர்த்து 10 அடி. ஆக, 10½க்கு 10 என்பது அடிமட்டக் கணக்கு. எதிரெதிர்ச் சுவர் இரண்டிலும் மேடை இருந்தால் அகலம் 13 அடி வேண்டும். ஸ்டூல் போட்டுச் சாப்பிடவும் ஆசையென்றால், கால் நீட்ட மேல்பலகை ஒரு அடி வெளியே வர வேண்டும். உட்கார்ந்தவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் நடக்க மூன்றே முக்கால் அடியாவது வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மேடை இருந்தாலும் கணக்கு 12 அடியைத் தாண்டிவிடும்.

"3½ அடி எதற்கு, 3 போதாதா?" என்று கேட்பார்கள். மேடைக்குக் கீழே இருக்கும் டிராயரை முழுதாக இழுத்தால் 20 அங்குலம் வெளியே வரும். 3½ அடி என்பது 42 அங்குலம். மீதி 22 அங்குலத்தில் நீங்கள் நின்று குனிந்து பருப்பு டப்பாவை எடுக்க வேண்டும். 3 அடியாகக் குறைத்தால் மிஞ்சுவது 16 அங்குலம். டிசம்பர் காலையில் ஸ்வெட்டரும் அதன்மேல் சால்வையுமாக நிற்பவர் 16 அங்குலத்தில் குனிந்தால் பின்பக்கம் ஐலண்டில் முட்டும். கடைக்காரர் காட்டும் படத்தில் யாரும் ஸ்வெட்டர் போட்டிருக்க மாட்டார்கள்.

அதற்காக இடைவெளியை 5 அடிக்கு மேல் விடுவதும் வீண். அடுப்பிலிருந்து திரும்பி ஒரே எட்டில் ஐலண்டைத் தொட முடியவில்லை என்றால் அது வெறும் மேசைதான்.

இன்னொன்று. பிளானில் போட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள். பழைய வீடுகளில் கல் சுவர் ஒரு முனையில் தடித்தும் இன்னொரு முனையில் மெலிந்தும் இருக்கும். பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு உள்பக்கம் மூன்று இடத்தில் டேப் பிடித்து, அதில் குறைவான அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சமையலறை 10க்கு 8. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி வைக்க முடியாதா?

முடியாது. 8 அடியில் சுவர் மேடைக்கு 2 அடி போக, ஐலண்டை ஒன்றரை அடிக்குச் சுருக்கினாலும் இரண்டு பக்கமும் சேர்த்து 4½ அடிதான் மிச்சம். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் வழி அடைந்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, செலவே இல்லை. ஐலண்ட் வரப்போகும் இடத்தில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். கோட்டோடு நிறுத்திவிட வேண்டாம். கோட்டை எல்லோரும் மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். டிவி, ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளையோ பழைய மேசையையோ அந்தக் கட்டத்துக்குள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கி ஒரு வாரம் சமைத்துப் பாருங்கள். அந்த வாரத்தில் ஒரு ஞாயிறும், விருந்தாளி வரும் ஒரு நாளும், ஒரு மழை நாளும் இருந்தால் நல்லது. மழை நாள் ஏன் என்றால், அன்றுதான் குடை, ரெயின்கோட், பிள்ளைகளின் ஈர ஷூ, காயாத பள்ளிச் சீருடை எல்லாம் அடுப்படிக்கு வந்து சேரும். கூடலூர், ஊட்டி பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் அதிகம். உங்கள் ஊருக்கு எது பெரிய மழையோ அந்த மாதத்தில் பாருங்கள்.

பெட்டிகள் மேல் என்ன சேர்கிறது என்றும் கவனியுங்கள். ஒரு வாரத்தில் அதில் காய் நறுக்கியதைவிட ரேஷன் கார்டும் மாத்திரை டப்பாவும் கரண்ட் பில்லும் அதிகம் கிடந்தால், உங்களுக்குத் தேவை ஒரு அலமாரி.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டால் இடம் கிடைக்குமே?

இடம் கிடைக்கும். அதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்.

முதலாவது, அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்பது. கான்கிரீட் தூண் போட்டுக் கட்டிய புது வீடானால் நடுச்சுவர் பெரும்பாலும் வெறும் மறைப்பு. கல்லும் மண்ணும், செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீட்டில் கூரையின் பாரமே அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். மேஸ்திரி "எடுத்துடலாம்" என்று சொன்னாலும் ஒரு என்ஜினீயரைக் கூட்டி வந்து காட்டாமல் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது குளிர். சமவெளியில் அடுப்புச் சூடு ஒரு தொல்லை. இங்கே அது வரவு. கதவைச் சாத்திய 8க்கு 10 சமையலறையில் காலை ஆறு மணிக்கு இரண்டு அடுப்பு எரிந்தால் அரை மணியில் அறை கதகதவென்று ஆகிவிடும். பிள்ளைகள் அங்கேயே வந்து நின்று பல் தேய்ப்பார்கள், பெரியவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காபி குடிப்பார். தோசை மாவுப் பாத்திரம் பொங்குவதும் அந்தச் சூட்டில்தான். இட்லி மாவை ராத்திரி கரைத்துவிட்டுக் காலையில் பொங்கிவிடும் என்று நம்பி இருக்க இங்கே முடியாது. போர்வை சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிற வீடுகள் எத்தனை! சுவரை எடுத்தால் அந்தச் சூடு ஹால் முழுக்கப் பரவி எங்கேயும் போதாமல் போகும். கருவாட்டு வாசனை மட்டும் எல்லா இடத்துக்கும் போதும்.

பின்பக்கம் மண்ணை வெட்டிச் சமையலறையை நீட்டிக்கொள்ளலாமா?

ஐலண்டுக்காக மலைச்சரிவை வெட்டச் சொன்னால் நான் அந்த வேலைக்கு வருவதில்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் சரிந்த மண்ணில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண் என்ன செய்யும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தவிர, மலைப்பகுதியில் வீட்டை நீட்ட அனுமதி வாங்க வேண்டும். உள்ளே மேசை போடுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

அடுப்பை ஐலண்டில் வைக்கலாமா? படத்தில் அப்படித்தான் இருக்கிறது.

சின்ன வீட்டில் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

முதலில் கேஸ். அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதைத் தரையில் ஓடவிட்டு நடுவில் இருக்கும் அடுப்புக்குக் கொண்டுபோவது ஆபத்து. ஒன்று, செப்புக் குழாயைத் தரையில் பதிக்க வேண்டும். இல்லையேல் சிலிண்டரையே ஐலண்டின் வயிற்றுக்குள் வைக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பாமல் தரையோடு தேங்கும். அடைத்த பெட்டிக்குள், அதுவும் குளிருக்காக ஜன்னலை நாளெல்லாம் சாத்தி வைக்கும் ஊரில், அது தேங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வெளியே வைத்தால் வேறு தொந்தரவு. சிலிண்டருக்குள் இருக்கும் திரவம் ஆவியாக வெளியிலிருந்து சூடு வேண்டும். உறைபனி விழுந்த ஜனவரிக் காலையில், அதுவும் சிலிண்டர் தீரப்போகும் நேரத்தில், தீ சோம்பேறியாக எரிவது அதனால்தான். சிலிண்டரைச் சுவர் மேடைக்குக் கீழே, தரையோடு காற்றோட்டம் இருக்கும் இடத்தில் வைப்பதே இரண்டுக்கும் நடுவழி.

அடுத்தது புகையும் ஆவியும். நடு மேடையில் அடுப்பு இருந்தால் சிம்னி மேலிருந்து தொங்க வேண்டும், அதன் குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். தகரக் கூரையில் ஓட்டை போட்டால், எத்தனை சீலன்ட் பூசினாலும் இரண்டாவது மழைக்காலத்தில் அந்த இடம் ஒழுகும். சுவரோடு ஒட்டிய அடுப்புக்குப் பக்கச் சுவரில் ஒரு துளை போதும். சிம்னியே வேண்டாம் என்றால் ஆவியெல்லாம் மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டு, சொட்டுச் சொட்டாக உங்கள் புது மேடை மேலேயே விழும்.

கடைசியாக ஒரு கணக்கு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும். குக்கர் இல்லாமல் இங்கே குடித்தனம் இல்லை. ஒரு குக்கர் இறங்கி அடுத்தது ஏறும். அடுப்புப் பக்கம் நிற்கும் நேரம் கோயம்புத்தூர்க்காரரைவிட நமக்கு அதிகம். பணம் செலவழிக்க வேண்டிய இடம் அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவே இருக்கும் மூன்றடி மேடை. அது விசாலமாக இருந்தாலே பாதிப் பேருக்கு ஐலண்ட் ஆசை போய்விடுகிறது.

சிங்க்கை அங்கே வைத்தால்?

கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். சுவர் எட்டடி தள்ளி இருந்தால் இரண்டு அங்குலம் இறங்கும். குழாயின் தடிமனையும் சேர்த்துத் தரையை அந்த ஆழத்துக்கு உடைக்க வேண்டும். பல வீடுகளில் தரைக்குக் கீழே கருங்கல் சோலிங், அதாவது கல் அடுக்கிய அடித்தளம். குழாய் அடைத்துக்கொண்டால் மறுபடி உடைக்க வேண்டும். சிங்க் ஜன்னலடியிலேயே இருக்கட்டும்.

மிக்ஸிக்கு பிளக் பாயின்ட்?

தரையடியில் பைப் பதித்து, மேடையின் பக்கவாட்டில், கை எட்டும் உயரத்தில் எடுக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரை நடைவழியில் இழுத்து வைப்பது கூடாது. ஈரக்காலோடு நடக்கும் தரை. வீட்டு மெயினில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். தரையை உடைக்க மனமில்லை என்றால் மிக்ஸியும் கிரைண்டரும் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

மேல்பலகை கிரானைட் நல்லதா, மரம் நல்லதா?

சுவர் மேடைக்குக் கிரானைட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. நடு மேடைக்கு நான் மரத்தைச் சொல்வேன். 20 மில்லிமீட்டர் கிரானைட்டில் 4க்கு 2 அடித் துண்டு 40 கிலோ வரும். குளிர்காலக் காலையில் அதில் முழங்கையை ஊன்றிப் பாருங்கள். சப்பாத்தி தேய்க்கலாம், ஆற அமர உட்கார்ந்து பீன்ஸ் உரிக்க முடியாது. மரப்பலகை கைக்கு இதமாக இருக்கும், நகர்த்தவும் சுலபம்.

எந்த மரம்? தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. நன்றாகக் காய்ந்த மரம்தானா என்று பாருங்கள். ஈரமாக அறுத்து உடனே இழைத்த பலகை அடுப்புச் சூட்டில் ஆறு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். சொந்த நிலத்து மரம்தானே என்று வெட்டிவிடவும் வேண்டாம். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது, அனுமதி வேண்டும்.

அடியில் இருக்கும் அலமாரிக்கு?

மரத்தூளையும் மரநாரையும் பசை போட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டு வேண்டாம், எம்டிஎஃப் வேண்டாம். கடையில் பார்க்க அழகாக இருக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க ஜன்னல் திறக்காத அறையில் அதன் கீழ் விளிம்பு ஊதிவிடும், கீல் ஸ்க்ரூ பிடிப்பு விட்டுவிடும். பிளைவுட் என்றால் ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். அலமாரி தரையைத் தொடாமல் நாலு அங்குலக் கால்மேல் நிற்கட்டும். பின்பலகை இல்லாமல் திறந்தே இருந்தால் இன்னும் நல்லது. காற்றுப் போகாத மூலையில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். உருளைக்கிழங்கு முளைவிடுவதும் அங்கேதான்.

அத்தை தரையில் உட்கார்ந்துதான் அரிவாள்மனையில் நறுக்குவார். ஐலண்ட் வந்தால் பழகிக்கொள்வாரா?

அறுபது வருடம் தரையில் உட்கார்ந்து பழகியவரை 34 அங்குல உயர மேடை முன்னால் நிற்க வைத்தால், இரண்டு நாள் மரியாதைக்கு நிற்பார், மூன்றாம் நாள் அரிவாள்மனையோடு ஹாலுக்குப் போய்விடுவார். அவர் உட்காரும் இடம் எது என்று முதலில் குறித்துக்கொண்டு அதை விட்டுவிட்டு அளவெடுங்கள். மூட்டுவலி காரணமாக அவரே தரையை விட நினைத்தால், இரண்டரை அடி உயரத்தில் ஒரு மேசையும் சாதாரண நாற்காலியும் போதும். நின்று வேலை செய்கிறவருக்கு உயரம் பார்க்க ஒரு சின்ன வழி: முழங்கையை மடக்கி நின்று, முழங்கையிலிருந்து நாலு அங்குலம் கீழே அளந்துகொள்ளுங்கள். அதுதான் அவருக்கான மேடை உயரம். வீட்டில் அதிகம் சமைப்பவர் யாரோ அவருக்கு அளக்க வேண்டும், பணம் கொடுப்பவருக்கு அளக்கக் கூடாது.

சரி, ஐலண்ட் வேண்டாம். வேறு என்ன செய்யலாம்?

மூன்று வழி உண்டு. எனக்குப் பிடித்தது சக்கரம் வைத்த மேசை. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். மேலே மரப்பலகை, நடுவில் காய்கறிக்கு ஒரு கம்பித் தட்டு, கீழே அரிசி டின் நிற்க ஒரு தட்டு. சந்தையிலிருந்து வந்த கேரட்டையும் கோஸையும் கொட்டிப் பிரிக்க நடுவுக்கு வரும். வேலை முடிந்ததும் ஜன்னலடிக்குப் போய்விடும். சாயங்காலம் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் அதில் நடக்கும். சக்கரம் நாலிலும் பிரேக் இருக்கட்டும். நம் பக்கத்துத் தரைகள் மட்டமாக இருப்பது அபூர்வம்; இரண்டு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டால் சப்பாத்தி தேய்க்கும்போது மேசை சுற்றும். சின்ன பிளாஸ்டிக் சக்கரம் டைல்ஸ் இடுக்கில் மாட்டும், மூன்று அங்குல ரப்பர் சக்கரமாகக் கேட்டு வாங்குங்கள். வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து ஆசாரியிடம் பலகை போடச் சொன்னால் உங்கள் அளவுக்கே கிடைக்கும்.

இரண்டாவது, சுவரில் மடக்குப் பலகை. வேண்டும்போது தூக்கி நிறுத்தலாம், வேண்டாதபோது சுவரோடு சாய்ந்துவிடும். மலைச்சரிவை ஒட்டிய பின்சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்; அங்கே ஈரம் கசியும், ஆணி பிடிக்காது.

மூன்றாவது, நான் முதலில் சொன்ன பெனின்சுலா. ஒரு முனை சுவரில் ஒட்டியிருப்பதால் ஒரு பக்க நடைவழி மிச்சம். பிளக் பாயின்ட்டைச் சுவரிலிருந்தே எடுத்துவிடலாம், தரையை உடைக்க வேண்டாம். 9 அடி அகலச் சமையலறைக்கு இதை யோசிக்கலாம்.

எஸ்டேட் லயன் வீட்டை (தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய சின்ன வீடு) வாங்கிச் சீர் செய்கிறோம். அதற்கு?

மடக்குப் பலகை.

ஹோம்ஸ்டே நடத்துகிறோம். விருந்தினர்களுக்குப் பிடிக்குமே?

புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் பத்துப் பேருக்கு டிபன் போடும் காலையில், ஐலண்ட் இருந்தால் அதைச் சுற்றி விருந்தினர் டீ கப்போடு வந்து நிற்பார்கள், கொதிக்கும் சாம்பாரோடு நீங்கள் அவர்களைச் சுற்றி வர வேண்டும். ஹால் பக்கம் ஒரு நீள மேசை போட்டுப் பரிமாறுங்கள்.

பழைய பங்களாவின் மாடியில் குடியிருக்கிறோம். மரத்தளம்.

கிரானைட், பாத்திரம், அரிசி மூட்டை எல்லாம் சேர்ந்து நூறு, நூற்றைம்பது கிலோ ஒரே இடத்தில் இறங்கும். பலகைக்குக் கீழே உத்திரக்கட்டை எந்தத் திசையில் ஓடுகிறது, கரையான் பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் வைக்க வேண்டாம். வைப்பதானால் கட்டைகளுக்குக் குறுக்காக வையுங்கள், பாரம் இரண்டு மூன்று கட்டைக்குப் பிரியும். இங்கேயும் சக்கர மேசைதான் நல்லது என்பேன். சக்கரத்தின் தடம் பலகையில் விழாமல் இருக்க ரப்பர் சக்கரம்.

அப்படியானால் ஐலண்ட் யாருக்குத்தான் சரி?

சமையலறையும் சாப்பாட்டு அறையும் ஏற்கெனவே ஒன்றாக, 12க்கு 11 அளவில் இருக்கிறவர்களுக்கு. சாப்பாட்டு மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐலண்ட் வைப்பதாக இருந்தால், தாராளமாக. சாப்பாட்டு மேசையும் இருக்கட்டும், ஐலண்டும் வேண்டும் என்றால் இரண்டில் ஒன்று துணி மடிக்கும் இடமாகிவிடும்.

எவ்வளவு செலவாகும்?

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை எழுதவில்லை. கீழே கோயம்புத்தூரில் வாங்கும் விலையோடு மூன்று செலவைச் சேர்த்துப் பாருங்கள்: மலையேற்றும் வண்டி வாடகை, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பது, ரோட்டிலிருந்து வீடு வரை சுமைகூலி. நம் வீடுகள் பலவற்றுக்கு வண்டி வாசல் வரை வராது. அறுபது படி இறங்கி, ஒரு சந்து திரும்பி, தேயிலைச் செடி ஓரமாகப் போக வேண்டும். ஆறடி நீளக் கல் அந்தச் சந்தில் திரும்பாது. படியின் அகலத்தையும் சந்து மூலையையும் அளந்து கல் கடைக்காரரிடம் முதலிலேயே கொடுத்துவிட்டால், இரண்டு துண்டாக வெட்டி அனுப்புவார்.